தெய்வத்துக்கு வைத்த தேனப்பம்

காலத்தின் கதவு குழந்தைகளுக்கு மட்டுமே வழிவிட்டது. ஏன் என்று யாருக்கும் முழுசாகப் புரியவில்லை. வளர்ந்துகொண்டிருக்கும் எலும்பு அந்தப் பக்கம் போய்விட்டு அப்படியே திரும்பி வந்தது. வளர்ந்து முடிந்த எலும்பு திரும்பவில்லை. முதலில் போன இரண்டு விஞ்ஞானிகளின் படங்கள் நிலையத்தின் வரவேற்பறையில் மாலையோடு தொங்கின. அதன் பிறகு பெரியவர்கள் எல்லாம் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கையசைப்பவர்களாக மாறிப்போனார்கள்.

திருச்சிக்கு வெளியே, ஒரு பழைய நூற்பாலையின் கொட்டகைக்குள் இருந்தது அந்த நிலையம். சம்யுக்தா அங்கே ஒரு வருடம் லத்தீன் படித்தாள். தூக்கத்தில்கூட லத்தீனில் முனகுகிறாள் என்று அவள் அம்மா சலித்துக்கொள்ளும் அளவுக்குப் படித்தாள். கடைசியில் அந்த மொழி காதில் விழும்போதே வீட்டுப் பேச்சாக மாறிவிடும் நிலை வந்தது. அவளோடு போவதற்குத் தேர்வானவன் அவள் வகுப்பு ரிஸ்வான். அவனுக்கு இலக்கணம் சுத்தமாக வராது. ஆனால் எந்த ஊரிலும் ஐந்து நிமிடத்தில் யாரோடாவது சிநேகமாகிவிடுவான்.

புறப்படும் முன் நிலையத்துத் தெரசா மிஸ் அவர்கள் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுப்பார். அன்றும் படத்தை விளக்கில் தூக்கிப் பிடித்தார்.

"எலும்பு முனையில ஒரு கறுப்புக் கோடு தெரியுது பாரு. அது இருக்கிற வரைக்கும் நீ வளருறேன்னு அர்த்தம். அதுதான் உன் டிக்கெட்."

"கோடு போயிடுச்சுன்னா?"

"எங்களை மாதிரி இங்க உக்காந்து டீ குடிக்க வேண்டியதுதான்." மிஸ் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, எப்போதும் சொல்வதைச் சொன்னார். "எதையும் மாத்தணும்னு நினைக்காதே. மாத்தவும் முடியாது. பார்க்கறது மட்டும்தான் உன் வேலை. யார் கவனமும் உன் மேல திரும்பக் கூடாது."

அவர்கள் கழுத்தில் கிடந்த பாசிமணி மாலையில் ஒரு மணி கேமரா. கையில் ஒரு சிறிய மிளகுப் பை. அலெக்சாந்திரியாவிலிருந்து வந்த வியாபாரியின் பிள்ளைகள் என்று சொல்லிக்கொள்ள வேண்டும். நிறத்துக்கும் முகத்துக்கும் அந்தக் கதை பொருந்தியது.

கதவு அவர்களை இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய இத்தாலியின் புத்தேயோலித் துறைமுகத்தில், ஒரு கிடங்கின் பின்சந்தில் கொண்டுபோய் விட்டது. மீன், தார், வெயிலில் காயும் கயிறு எல்லாவற்றின் வாசனையும் ஒரே மூச்சில் சம்யுவின் மூக்கில் ஏறியது. படித்த புத்தகங்களில் எதிலும் அந்த வாசனை இருந்ததில்லை. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அவர்கள் போக வேண்டியிருந்தது ரூபஸ் என்ற மிளகு வணிகனின் வீட்டுக்கு. அன்று காலைதான் ரூபஸ் கப்பலேறியிருந்தான். அவன் மனைவி லுசீலியா மிளகுப் பையை முகர்ந்து பார்த்தாள். பிள்ளைகளின் கால்களைக் கழுவச் சொன்னாள். கழுவியவள் ஹிலாரா என்ற அடிமைச் சிறுமி. சம்யுவைவிட ஒரு விரற்கடை குட்டை. காலைக் கழுவும்போதே கிசுகிசுத்தாள்.

"உங்க ஊர்ல யானை இருக்காமே? அதோட மூக்கு தரை வரைக்கும் தொங்குமாமே?"

"ஆமா," என்றான் ரிஸ்வான். "அதுக்கு சளி பிடிச்சா ஊரே காலி."

ஹிலாரா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்தது. சமையற்காரர் அதட்டினார். அவள் அதற்கும் சிரித்தாள்.

மதியச் சாப்பாட்டில் எல்லாவற்றின் மேலும் புளிக்க வைத்த மீன் சாற்றை ஊற்றியிருந்தார்கள். சம்யு வீட்டில் முட்டைகூடக் கிடையாது. அவள் ஒரு ரொட்டித் துண்டைப் பிய்த்துப் பிய்த்து நேரத்தைக் கடத்தினாள். ரிஸ்வான் தன் தட்டையும் அவள் தட்டையும் காலி செய்தான்.

அதன் பிறகு லுசீலியா அடுப்படிச் சுவரில் இருந்த மாடத்தின் முன் வந்து நின்றாள். மாடத்துக்குள் ஆடும் கோலத்தில் இரண்டு தெய்வங்கள், அவர்களின் காலடியில் ஒரு பாம்பு, எல்லாம் வண்ணத்தில் வரைந்திருந்தது. அவள் விளக்கேற்றினாள். பூ வைத்தாள். தேனில் ஊறிய அப்பம் ஒன்றை இலை மேல் வைத்தாள். கணவனின் கப்பல் பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும் என்று கையை விரித்து வேண்டினாள். சம்யுவுக்கு உடல் சிலிர்த்தது. கன்னத்தில் போட்டுக்கொள்ளப் போன கையை ரிஸ்வான் பிடித்து இழுத்தான்.

லுசீலியா உள்ளே போய்விட்டாள். அடுப்படியில் மூன்று பிள்ளைகள் மட்டும். தேன் இலையில் வழிந்துகொண்டிருந்தது.

சம்யுவின் வீட்டில் பூஜை முடிந்ததும் அம்மா தேங்காய் மூடியை உடைத்து, சர்க்கரைப் பொங்கலை ஆளுக்கொரு கரண்டியாகக் கையில் வைப்பாள். கேட்கக்கூட வேண்டியதில்லை. சாமிக்குக் காட்டியாகிவிட்டது என்றால் அது பிள்ளைகளுக்கு. அவள் கை அந்தப் பழக்கத்தில்தான் மாடத்துக்குள் போனது.

"ஏய், தொடாதடி!" என்றான் ரிஸ்வான் தமிழில்.

"சாமி சாப்பிட்டாச்சுடா. இனிமே நமக்குத்தான். பிரசாதம்."

"அவங்க அப்படிச் சொன்னாங்களா?"

"எல்லாத்தையும் சொல்லிட்டேவா இருப்பாங்க?"

அவள் ஒரு கடி கடித்தாள். காலையிலிருந்து காய்ந்த வயிற்றில் தேன் இறங்கியது. கண்ணை மூடித் திறந்தபோது ஹிலாரா அசையாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் இருந்தது ஆசை என்று சம்யு நினைத்தாள். மிச்சத்தை நீட்டினாள். "இந்தா, உனக்கும்."

ஹிலாரா பின்வாங்கினாள். சம்யு அவள் வாயருகே கொண்டுபோனாள். விருந்தாளி கொடுக்கிறாள். தேன் உதட்டில் பட்டுவிட்டது. அந்தக் குழந்தை வாயைத் திறந்தது.

சாயங்கால உணவின்போது அந்த அப்பம் அடுப்பு நெருப்பில் இடப்பட்டு, புகையாகத் தெய்வத்துக்குப் போக வேண்டும் என்பது சம்யுவுக்குத் தெரியாது. அங்கே தெய்வத்துக்கு வைத்ததை மனிதர் யாரும் திருப்பி எடுப்பதில்லை. லத்தீன் பாடத்தில் வினைச்சொற்கள் எல்லாம் இருந்தன. இது இல்லை.

லுசீலியா திரும்பி வந்தாள். மாடத்தைப் பார்த்தாள்.

"யார் தொட்டது?"

சம்யுவின் வாயில் இன்னும் இனிப்பு இருந்தது. யார் கவனமும் உன் மேல திரும்பக் கூடாது என்று தெரசா மிஸ் சொன்னது நினைவுக்கு வந்தது. ஆனால் வாயை அடைத்தது அந்த விதி இல்லை. பயம். பிற்பாடு எத்தனையோ முறை அவள் தன்னைத்தானே கேட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அதே பதில்தான் வந்தது. பயம்.

ஹிலாராவின் மோவாயில் தேன் பளபளத்தது. அவள் சம்யுவை ஒருமுறை பார்த்தாள். குற்றம் சாட்டும் பார்வை இல்லை. கூட்டத்தில் தன் பெயரைக் கூப்பிடுவார்கள் என்று காத்திருப்பவளின் பார்வை. யாரும் கூப்பிடவில்லை. சமையற்காரர் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனார்.

வெயில் சாய்ந்துவிட்டது. கதவு திறக்கும் நேரம். ரிஸ்வான் சம்யுவைத் தள்ளிக்கொண்டு தெருவுக்கு வந்தான். வீட்டுக்குள்ளிருந்து எழுந்த சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது.

திரும்பி வந்தபோது நிலையத்தில் கைதட்டினார்கள். எங்கோ வெளிநாட்டிலிருந்து ஒரு பேராசிரியர் திரையில் வந்து, ரோமானிய வீட்டு வழிபாடு முதல் முறையாக நேரடிப் பதிவில் கிடைத்திருப்பதாகச் சொல்லிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாடம், பூ, வேண்டிய கைகள். எல்லாம் தெளிவாக விழுந்திருந்தன. ஹிலாராவை இழுத்துப் போனதும் விழுந்திருந்தது. அந்தக் காட்சி வந்தபோது யாரோ, "தண்டனை முறைக்கும் ஆதாரம் கிடைச்சிருச்சு," என்றார்.

சம்யுவுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தலையைக் கோதினாள்.

"ரெண்டாயிரம் வருஷம் ஆச்சுடி. அந்தப் பொண்ணோட எலும்புகூட இந்நேரம் மண்ணா போயிருக்கும். இதுக்குப் போய் அழுவாங்களா?"

அது ஆறுதலாகச் சொன்னது. சம்யு இன்னும் அதிகமாக அழுதாள்.

தெரசா மிஸ்ஸிடம் கேட்டாள். "நான் போகாம இருந்திருந்தா அவ அடி வாங்கியிருக்க மாட்டாள்ல?"

"அப்படி இல்ல சம்யு. நீ போனதும் சேர்ந்ததுதான் வரலாறு. நீ எதையும் மாத்தல. எப்பவுமே அப்படித்தான் நடந்திருக்கு."

"அப்போ நான் பொறக்கறதுக்கு முன்னாடியே தப்பு பண்ணிட்டேனா?"

மிஸ் மேசை மேலிருந்த எக்ஸ்ரே படங்களை அடுக்கினார்.

கதவு பின்னால் போகாது. இங்கே ஒரு மாதம் கழிந்தால் அங்கேயும் ஒரு மாதம் கழிந்திருக்கும். நடந்த மதியத்துக்குத் திரும்பிப் போய் அப்பத்தை மாடத்திலேயே விட்டுவிட்டு வர வழியில்லை. அவளால் முடிந்தது ஒன்றுதான். மறுபடி போய், நான்தான் என்று சொல்வது. மணிக்கட்டின் கறுப்புக் கோடு படத்துக்குப் படம் மெலிந்துகொண்டே வந்தது. சம்யு பால் குடிப்பதை நிறுத்தினாள். நிறுத்தினால் வளர்ச்சி நிற்கும், கோடு மறையாமல் இருக்கும் என்று யாரோ சொன்னதை நம்பினாள். ஆனாலும் அந்தக் கோடைகாலம் முடிவதற்குள் இரண்டு தடவை அவள் பாவாடையைக் கீழிறக்கித் தைக்க வேண்டியிருந்தது.

துறைமுக ஊரின் மாவு ஆலைகளைப் படம்பிடிக்க ஆள் தேவைப்பட்டபோது அவள்தான் முதலில் கை தூக்கினாள். தெரசா மிஸ் எக்ஸ்ரேயை வெகுநேரம் பார்த்தார். "இதுதான் கடைசி," என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. "போனோமா, வந்தோமான்னு இருக்கணும்."

கதவின் முன் ரிஸ்வான் சொன்னான்: "நீ எதுக்குக் கேட்டு வாங்கினேன்னு எனக்குத் தெரியும்."

"அப்போ நீ வராத."

"வராம? உன்னைத் தனியா விட்டா வழி தெரியாம கிரேக்கத்துல போய் நிப்ப."

புத்தேயோலியில் லுசீலியா கறுப்புத் துக்க உடையில் இருந்தாள். வீட்டில் பாதி அறைகள் பூட்டிக் கிடந்தன. அடுப்படி மாடத்தில் விளக்கு எரிந்தது. கால் கழுவ ஒரு புதுச் சிறுவன் வந்தான். அவன் சிரிக்கவில்லை.

"கப்பல் போய்ச் சேரல," என்றாள் லுசீலியா. "கிரீட் தீவுப் பக்கத்துல காத்து பிடிச்சுதாம். ஒருத்தரும் மிஞ்சல. இந்தத் தெருவுல மட்டும் ஆறு வீட்டுல சாவு."

சம்யு மனப்பாடம் செய்து வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னாள். "அன்னிக்கு அப்பத்தை எடுத்தது ஹிலாரா இல்ல. நான்தான் எடுத்தேன்."

லுசீலியா அவளை வெறுமனே பார்த்தாள்.

"தெரியும்."

"என்ன?"

"உன் விரல்ல தேன் இருந்துச்சு. பார்த்தேன்."

"அப்புறம் ஏன் அவளை..."

"நீ என் வீட்டு விருந்தாளி, பொண்ணே. என் கூரைக்குக் கீழ கால் கழுவினவ. உன் மேல கை வச்சா தெய்வத்துக்கு இன்னும் கோவம் வரும். யாரையாவது அடிச்சே ஆகணும். அவ பக்கத்துல நின்னா." லுசீலியா விளக்கின் திரியைத் தூண்டினாள். "கப்பல் சேதி வந்த பிறகு அவளை வீட்டுல வச்சுக்க முடியல. தெருவே வாசல்ல வந்து நின்னுச்சு. மாவு ஆலைக்கு வித்துட்டேன்."

"திரும்பக் கூட்டிட்டு வந்துடுங்க. நான் எல்லார்கிட்டயும் சொல்றேன், நான்தான்னு."

"சொல்லு. ஊர் உன்னைக் கல்லால அடிக்கும். அதுக்காக அவளை எனக்குத் திருப்பித் தர மாட்டான் ஆலைக்காரன்." அவள் குரலில் கோபம்கூட இல்லை, களைப்புதான் இருந்தது. "பிள்ளைகளை மட்டும் தனியா அனுப்பறாங்களே, உங்க வீட்டுப் பெரியவங்க வர மாட்டாங்களா?"

"அவங்களால வர முடியாது."

"இங்கயும் அப்படித்தான். தன்னால போக முடியாத இடத்துக்குப் பிள்ளையை அனுப்பறது." அவள் எழுந்துகொண்டாள். "ஆலை, மேட்டுத் தெருவுல. போறதுன்னா போ. நான் சொன்னேன்னு சொல்லாதே."

மாவு ஆலையில் கண் கட்டப்பட்ட கழுதைகள் ஆள் உயர அரவைக் கற்களைச் சுற்றி இழுத்துக்கொண்டிருந்தன. காற்றே வெள்ளையாக இருந்தது. ஒரு மூலையில் ஹிலாரா உட்கார்ந்து மாவு சலித்தாள். தலையை மழித்திருந்தார்கள். கழுத்தைச் சுற்றி ஓர் அகலமான வட்டப் பலகை பூட்டியிருந்தது. அது எதற்கு என்று முதலில் சம்யுவுக்குப் புரியவில்லை. ஹிலாரா மூக்கைச் சொறியக் கையைத் தூக்கினாள். கை பலகையில் இடித்து நின்றது. வேலை செய்யும்போது மாவைத் தின்றுவிடாமல் இருக்க. கை வாய்க்கு எட்டாமல் இருக்க.

"மிளகுப் பொண்ணு," என்றாள் ஹிலாரா. சலிப்பதை நிறுத்தவில்லை. "யானை நல்லா இருக்கா?"

ரிஸ்வான் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சம்யு அவள் எதிரே மண்டியிட்டாள். "நான் அன்னிக்கு வாயைத் திறந்து சொல்லியிருக்கணும். சொல்லல. தப்பு என்னோடது."

"நீ குடுத்தே. நான் வேணாம்னு சொல்லியிருக்கணும். எனக்குத் தெரியும்ல, அது தெய்வத்தோடதுன்னு? தெரிஞ்சே தின்னேன்." சல்லடை ஆடிக்கொண்டே இருந்தது. "அதான் எசமானர் செத்துட்டார். அந்தக் கப்பல்ல பைசோ இருந்தான், பாய்மரம் கட்டுறவன். ஒவ்வொரு தடவையும் எனக்குச் சிப்பி கொண்டு வருவான். அவனையும் நான்தான் கொன்னுட்டேன். கண்ணை மூடினா தண்ணிக்குள்ள இருந்து எல்லாரும் என்னையே பார்க்கறாங்க."

"இல்ல ஹிலாரா! அது காத்து. பருவம் மாறினா கடல்ல அப்படிக் காத்து வரும். ஒரு அப்பத்துக்கும் கப்பலுக்கும் சம்பந்தமே கிடையாது."

ஹிலாரா முதல் முறையாகக் கையை நிறுத்தினாள். விவரம் தெரியாத குழந்தையைப் பார்ப்பதுபோல் சம்யுவைப் பார்த்தாள். "தெய்வத்துக்கு வச்சதைப் பிடுங்கித் தின்னா தெய்வம் சும்மா இருக்குமா? காத்தை யார் அனுப்பறதுன்னு நினைச்சே?"

காற்றழுத்தம், வானிலை வரைபடம், செயற்கைக்கோள், சம்யு பள்ளியில் படித்த அத்தனையும் அந்தச் சல்லடையின் முன்னால் உதவாமல் போயின. அவள் கொண்டுவந்திருந்த மன்னிப்பும் உதவவில்லை. இந்தக் குழந்தையின் தலைமேல் ஒரு கப்பல் நிறையப் பிணங்கள் கிடந்தன. அவை இல்லை என்று சொல்லிப் பயனில்லை. வேறு யாராவது அவற்றை வாங்கிக்கொள்ள வேண்டும்.

"ஹிலாரா, கேளு. அப்பத்தை மாடத்துல இருந்து எடுத்தது யாரு?"

"நீ."

"முதல்ல கடிச்சது?"

"நீ."

"நான் கடிச்ச உடனே அது எச்சில் ஆயிடுச்சு. எச்சில் பட்டது தெய்வத்துக்கு ஆகுமா?"

ஹிலாரா யோசித்தாள். "ஆகாது."

"அப்போ நீ தின்னது தெய்வத்தோடது இல்ல. என் எச்சிலைத் தின்னே, அவ்வளவுதான். தெய்வத்துகிட்ட இருந்து பிடுங்கினது நான். காத்து வந்தது என்னால. கப்பலை மூழ்கடிச்சது நான்."

"சம்யு, வேணாம்டி," என்றான் ரிஸ்வான் தமிழில். "ஆளுங்க பார்க்கறாங்க."

ஹிலாராவின் முகத்தில் ஏதோ நகர்ந்தது. மாவுக்கு அடியில் ரத்தம் ஏறுவது தெரிந்தது.

"பைசோவையுமா?"

"பைசோவையும்."

"அவன் உனக்கு என்ன பண்ணினான்?"

"ஒண்ணும் பண்ணல."

ஹிலாரா எழுந்தாள். கழுத்துப் பலகை சுவரில் இடித்தது. சல்லடையைச் சம்யுவின் முகத்தில் விசிறினாள். பிறகு, அந்தச் சின்ன உடம்பிலிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று யாரும் நினைத்திருக்க முடியாத ஒரு குரலில் கத்தினாள்.

"இவதான்! நான் இல்ல! ரூபஸ் கப்பலை மூழ்கடிச்சவ இவதான்! பைசோவைக் கொன்னவ இவதான்! எல்லாரும் வாங்க! நான் இல்ல, இவதான்!"

கழுதைகள் நின்றன. ஒரு கிழவன் வேலையைப் போட்டுவிட்டு வந்தான். வாசலில் ரொட்டிக்காக நின்ற பெண்கள் திரும்பினார்கள். அந்தக் கப்பலில் யாரையும் இழக்காதவர்கள் அந்த ஊரில் குறைவு. ரிஸ்வான் சம்யுவின் கையைப் பற்றி இழுத்தான். இருவரும் ஓடினார்கள்.

மேட்டுத் தெருவில் ஒரு ஓட்டுச்சில்லு அவள் தோளில் பட்டது. மீன்கடைத் திருப்பத்தில் ஒரு கல் நெற்றியில் பட்டது. "நீ இல்லன்னு சொல்லுடி! லத்தீன்ல சொல்லித் தொலை!" என்று ரிஸ்வான் ஓடிக்கொண்டே கத்தினான். சம்யு சொல்லவில்லை. மறுக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் எத்தனையோ குரல்கள். அவற்றுக்கு நடுவே அந்த ஒரு மெல்லிய குரலை மட்டும் அவள் காது பிரித்தெடுத்தது. மூச்சு வாங்காமல், மறுபடி மறுபடி, நான் இல்ல, நான் இல்ல என்று கூவிக்கொண்டிருந்தது. நல்ல செய்தி ஒன்றை ஊரெல்லாம் சொல்லப் புறப்பட்டவளைப் போலக் கூவிக்கொண்டிருந்தது.

கிடங்கின் சந்தில் கதவு திறந்து கிடந்தது.

நிலையத்தில் தெரசா மிஸ் பஞ்சை நனைத்து அவள் நெற்றியைத் துடைத்தார். கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. மிஸ் பார்த்துவிட்டிருந்தார். கண்கள் சிவந்திருந்தன. புது எக்ஸ்ரே பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்தது. அதில் கறுப்புக் கோட்டைத் தேட வேண்டியிருந்தது.

"அந்தப் பொண்ணு உன்னை மன்னிச்சாளா?" என்று மிஸ் கேட்டார்.

"இல்ல மிஸ். திட்டினா. எப்படித் திட்டினா தெரியுமா!"

மிஸ் பஞ்சைக் கிண்ணத்தில் போட்டார். பிறகு சம்யுவின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, ஒரு குழந்தைக்குப் பாடம் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னார்.

"சம்யு, நீ ஒண்ணும் அந்தக் கப்பலை மூழ்கடிக்கல. அது உனக்குத் தெரியும்ல?"

சம்யு அவசரமாக மிஸ்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க மிஸ்."